ஏழாவது இதழ்

“ஏழாவது இதழ் வார்க்கவில்லை. முட்டுகளை யாரும் தொடக் கூடாது.” 2018 தேர்தலுக்கு அடுத்த வாரம் வேலைத்தளக் குறிப்பேட்டில் நான் எழுதிய கடைசி வரி இது. எதற்கும் தேதி போடுகிறவன் நான். அன்று போடவில்லை.

பொந்தியான் சாலையில் எழுந்துகொண்டிருந்த அந்த மண்டபத்துக்கு நான் மேற்பார்வையாளன். வரைந்தவரை எல்லோரும் மேடம் என்றே அழைத்தோம். நடுவில் ஒரு தூண் இல்லாமல், ஏழு கான்கிரீட் இதழ்கள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கூரையாக நிற்க வேண்டும் என்பது அவருடைய கனவு. ஏழும் கூடும்வரை இரும்பு முட்டுகள்தான் பாரத்தைத் தாங்கும். ஆறு முடிந்திருந்தன. ஆட்சி மாறியது, திட்டம் நின்றது. முட்டுகள் வாடகைக்கு எடுத்தவை. அவற்றை ஏற்றிப்போக, வாடகைக்கு விட்ட முதலாளியின் லாரி வந்தது.

“தவுக்கே சாமான எடுத்துட்டு வரச் சொல்லிட்டாருலா மேடம். கவர்மெண்ட் மாறிப்போச்சு, இனி வாடகை யாரு கொடுப்பா?” என்றார் ஓட்டுநர். “ஆறு இருக்கு, ஒன்னு இல்லாட்டி விழுந்திருமா?”

“வரைஞ்சவ நானு. எனக்கே உள்ள நிக்க பயமா இருக்குண்ணே.”

அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போய், ஒரு முட்டின் திருகைச் சுத்தியலால் தட்டினார். திருகு சற்றே இளகியது. மேலே, காய்ந்த தென்னை மட்டை முறிவது போல ஒரு சத்தம். அவர் தலையில் வெள்ளையாகத் தூசி கொட்டியது. “அலமாக்!” என்று சுத்தியலைப் போட்டுவிட்டு அவர் வெளியே ஓட, மேடம் உள்ளே ஓடினார். “சார், வாங்க! என் கைக்குப் பலம் பத்தல!” நான் எப்படிப் போனேன் என்று தெரியாது. இருவரும் சேர்ந்து திருகை இறுக்கினோம். எங்கள் மூச்சைத் தவிர வேறு சத்தமில்லை என்றானபோதும் கையை எடுக்கத் துணிவில்லை.

லாரி வெறுமையாகவே திரும்பியது. “தவுக்கேகிட்ட நான் பேசிக்கிறேன். வேற யாரு வந்தாலும் விடாதீங்க மேடம்,” என்று சொல்லிப் போனார் ஓட்டுநர்.

மேடம் இப்போது வெளிநாட்டில். நான் மட்டும் அந்த வழியே வேலைக்குப் போய் வருகிறேன். நகராண்மைக்கு நான் எழுதிய கடிதங்களின் பலனாக ஒரு வேலி வந்தது. அதையும் யாரோ பிரித்துவிட்டார்கள். போன வாரப் பெருமழையில், சிங்கப்பூரிலிருந்து வேலை முடிந்து திரும்பும் மோட்டார் சைக்கிள்காரர்கள் ஏழெட்டுப் பேர் அந்தக் கூரைக்கடியில் ஒதுங்கி நின்றார்கள். காரை நிறுத்தி, வெளியே வரும்படி கத்தினேன்.

“மழ விட்டதும் போயிடுறோம் அங்கிள். இவ்ளோ வருசமா நிக்குது, இன்னிக்குத்தானா விழப்போகுது?”

அவர்களில் ஒருவன் சுற்றுமுற்றும் பார்த்தான். “டேய், போன மழைக்கு நான் ஹெல்மெட் மாட்டி வச்ச கம்பியக் காணோம்லா.”

என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவர்கள் மழையில் வண்டியை எடுத்தார்கள். பழைய இரும்புக்கு யாரேனும் கழற்றிப் போயிருக்கலாம், அவனுக்கு இடம் மாறித் தோன்றியிருக்கலாம். மேடத்துக்கு இன்னும் சொல்லவில்லை. முட்டு ஒன்று குறைகிறதா என்பதை நான் சரிபார்க்கவில்லை. அதற்கு உள்ளே போக வேண்டும்.