மழைக்கு எதிராக ஒரு கைநாட்டு

இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுக்கு முதல் தகுதி என்ன தெரியுமா? வீட்டுக்காரர் உள்ளே இருந்துகொண்டே "ஐயா ஊர்ல இல்லைன்னு சொல்லு" என்று சொல்வது காதில் விழுந்தாலும், விழாத மாதிரி வாசலில் சிரித்துக்கொண்டு நிற்பதுதான். அப்படி நின்று நின்று கால் கடுத்த என் சகோதரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், பிரீமியம் கேட்க மாட்டேன்.

நான் விற்றது ஆயுள் இன்ஷூரன்ஸ் இல்லை. அதை விற்கத் தெருவுக்கு ஒருத்தர் இருந்தார். நான் விற்றது வீட்டுக்கு, அதிலும் தகர வீட்டுக்கு. உலகச் சண்டை முடிந்து பட்டாளத்துக்காரர்கள் கழற்றிப் போட்டுவிட்டுப் போன வீடுகளைத் திருச்சியில் ஒரு காண்ட்ராக்டர் ஏலத்தில் எடுத்து வைத்திருந்தார். இரும்புச் சட்டம், நெளித் தகரம், சாக்கு நிறைய போல்ட்டும் நட்டும். லாரியில் வந்து இறங்கும், முடுக்கினால் வீடு. புதுக்கோட்டைச் சீமை சமஸ்தானமாக இருந்தது போய்த் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்திருந்த காலம் அது. ஜனங்கள் அதற்கு 'போல்ட்டு வீடு' என்று பேர் வைத்தார்கள்.

எங்கள் கம்பெனி பாலிசியில் தண்ணீருக்கென்று ஒரு சட்டம் உண்டு. காற்று கூரையைப் பிய்த்து, அந்த வழியாக மழைத் தண்ணீர் உள்ளே வந்தால் நஷ்டஈடு கிடைக்கும். கூரை முழுசாக இருக்க, போல்ட் ஓட்டையில் ஒழுகினால் சல்லிக்காசு கிடைக்காது. இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். நான் பட்ட பாடெல்லாம் இந்த ஒரு சட்டத்தால்தான்.

வீட்டுக்கு உசுரு போனால்

என் முதல் போல்ட்டு வீட்டு பாலிசி பொன்னமராவதியில் ஒரு மளிகைக்கடைக்காரருக்கு. கடைக்குப் பின்னால் சரக்கு வைக்கத் தகர வீடு போட்டிருந்தார். எது எங்கே வர வேண்டும் என்று தகரத்தில் பட்டாளத்துக்காரன் வெள்ளைப் பெயிண்டில் போட்ட நம்பரை யாரும் பார்க்கவில்லை போலிருக்கிறது. சுவரில் இருக்க வேண்டிய ஜன்னல் தகரம் கூரையில் இருந்தது. "வெளிச்சத்துக்கு நல்லதுதானே" என்றார். அதைக் கழற்றி இடம் மாற்றினால்தான் பாலிசி என்று ஒற்றைக்காலில் நின்று மாற்ற வைத்தேன். சும்மாவா, என் பேர் அல்லவா அதில் இருக்கிறது!

பிறகு உட்கார வைத்து, தீ, புயல், வெள்ளம் என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். மனிதர் மிளகாய் மூட்டைமேல் சாய்ந்துகொண்டு பொறுமையாகத் தலையாட்டினார். எனக்கோ பெருமை தாங்கவில்லை. இவ்வளவு அழகாக எந்த ஏஜெண்டு சொல்லியிருப்பான் என்று நினைத்துக்கொண்டு, "சந்தேகம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன்.

"எல்லாஞ் சரிங்க. வீட்டுக்கு உசுரு போறப்ப நான் பக்கத்துல இருக்கணுமா, இல்லாட்டியும் பணம் குடுப்பீங்களா?"

வாத்தியார் வீட்டு சைக்கிள் டியூப்

குன்றாண்டார்கோவிலில் ஒரு வாத்தியார். முதல் மழைக்கே வீடு பத்து இடத்தில் ஒழுகியது. சொம்பு, குண்டான், பிள்ளைகளின் சாப்பாட்டுத் தட்டு எல்லாம் தரையில் வரிசையாகத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தன. "பணம் எப்ப வரும்?" என்றார். கூரை முழுசாக இருக்கிறது, ஒழுகுவதற்குப் பணம் கிடையாது என்றேன். அவர் என்னைத் திட்டினார் பாருங்கள், அப்படி இலக்கண சுத்தமாக என்னை யாரும் திட்டியதில்லை.

எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணி வைத்து ஏறினேன். பார்த்தால், போல்ட்டுக்கு அடியில் ரப்பர் வாஷரே இல்லை. பட்டாளத்தில் போட்டிருந்தது மக்கிப் போயிருக்க வேண்டும். சுவரில் ஒரு சைக்கிள் டியூப் தொங்கியது. அதை வட்ட வட்டமாக வெட்டி, போல்ட்டுக்கு ஒன்று போட்டுத் தார் பூசி இறுக்கினேன். அடுத்த மழைக்குச் சொட்டு விழவில்லை. அன்றிலிருந்து ரப்பர் போடாத வீட்டுக்கு நான் பாலிசி எழுதியதே இல்லை. கம்பெனி சொல்லிக் கொடுத்ததா? இல்லை, நானாகக் கண்டுபிடித்தது. வாத்தியாரின் மனைவி மட்டும் கடைசிவரை என்னை மன்னிக்கவில்லை. அந்த டியூப் புதுசாம்.

"இன்சூரன்ஸ்காரர் வந்தா காசு வரும்னாங்க. இந்தாளு வந்து இருந்த டியூபையும் வெட்டிப்புட்டுல்ல போறாரு!"

கௌரவமான வீடுகள்

திருச்சி ஆபீஸில் மேனேஜருக்குத் தகர வீடு என்றாலே வேப்பங்காய். "ஆறுமுகம், ஒரே ஒரு வில்லங்கமான க்ளெய்ம் வரட்டும். அன்னிக்கே இந்தத் தகரக் கணக்கை மூடிடுவேன்" என்று ஒவ்வொரு முறையும் என்னிடம் சொல்வார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். மச்சு வீட்டுக்காரனுக்கு மழை பெய்தால் கவலை கிடையாது. நாலு தகரத்தை நம்பிப் பிழைக்கிறவனுக்குத்தானே இன்ஷூரன்ஸ் வேண்டும்? இதை மேனேஜரிடம் சொல்ல முடியாது. பக்கத்து மேஜை குமாஸ்தாவிடம் சொன்னேன். அவர் பொடி டப்பாவைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"ஏம்ப்பா, காரைவீடு, மச்சுவீடுன்னு கௌரவமாப் போய் ஒரு காபி குடிச்சோமான்னு இல்லாம, தகரத்து மேல ஏறிக்கிட்டுத் திரியிறியே, முன்ஜென்மத்துல நீ என்ன பூனையா?"

நர்சம்மா

சவரியம்மாள் ஆவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். நர்ஸ் படிப்புப் படித்தவர். கொடும்பாளூருக்கு அந்தாண்டை ரோட்டோரமாக ஒரு போல்ட்டு வீட்டை வாங்கிப் போட்டு, அதில் பிரசவம் பார்த்து வந்தார். கட்டில்கள், பஞ்சு மெத்தைகள், மருந்து அலமாரி, சுவரில் மாதா படம், அவ்வளவுதான் ஆஸ்பத்திரி. சுற்றுப்பட்டுப் பெண்கள் அதுவரை இடுப்புவலியோடு மாட்டுவண்டியில் திருச்சிக்கோ புதுக்கோட்டைக்கோ போக வேண்டியிருந்தது. பாதி வழியிலேயே முடிந்துபோன கதைகளை நானே கேட்டிருக்கிறேன்.

அம்மாவுடைய கையிருப்பெல்லாம் அந்தத் தகரத்தில்தான் இருந்தது. கொழும்பில் இருந்த அண்ணன், வந்துவிடு, இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் வேலை இருக்கிறது என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். "இந்த வீடு நிக்கிற வரைக்கும் நான் இங்க. வீடு போச்சுன்னா கப்பல் ஏற வேண்டியதுதான்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். பாலிசி எழுதப் போனபோது நான் வழக்கமான பிரசங்கத்தை ஆரம்பித்தேன். பாதியிலேயே கையை நீட்டி நிறுத்தினார். உள்ளே ஒரு பெண் முனகிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளையும் சொல்லிக்கிட்டு வராது, புயலும் சொல்லிக்கிட்டு வராது. எனக்கு வெளக்க வேணாம், எழுதிட்டுக் கெளம்புங்க."

உயிரைத் தருவேன், கைநாட்டு தரமாட்டேன்

அதற்கப்புறம் மழையே இல்லை. எங்கள் சீமை எப்போதுமே வானம் பார்த்த பூமிதான். ஆனால் அந்த வருஷங்கள் ரொம்பக் கொடுமை. கண்மாயில் பிள்ளைகள் பந்து விளையாடினார்கள். கொடும்பாவி கட்டி இழுத்தார்கள், ஆவூர்ப் பக்கம் கோயிலில் ஜெபம் வைத்தார்கள். பிறகு ஒரு ஐப்பசியில் புயலோடு வந்தது மழை. கண்மாய் நிறைந்து கலுங்கு வழிந்தது. நர்சம்மா வீட்டுக் கூரையில் பாதி போயிற்று.

நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது ஊரே அங்கே இருந்தது. ஆண்கள் கட்டில்களைத் தூக்கிச் சத்திரத்துக்குக் கொண்டுபோனார்கள். பெண்கள் நனைந்த மெத்தையைப் பிரித்துப் பஞ்சைக் காய வைத்தார்கள். மருந்தெல்லாம் கரைந்து தரையில் ஓடியிருந்தது. நர்சம்மா ஒரு டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். "அண்ணனுக்குத் தந்தி குடுக்கலாம்னு இருக்கேன்" என்றார். நான் எழுதிய பாலிசி கையில் இருக்கும்போது இந்த அம்மா கப்பல் ஏறுவதா? "கொஞ்சம் பொறுங்கம்மா" என்று சொல்லிவிட்டு, நஷ்டஈட்டுக்கு ஊரார் கைநாட்டு வைக்க வேண்டிய சாட்சிப் பாரத்தை எடுத்துக்கொண்டு அவர்களிடம் போனேன்.

பாரத்தில் கம்பெனி அச்சடித்திருந்த வாசகம் இது: 'மழைத் தண்ணீரால் சேதம் ஏற்பட்டதை நேரில் பார்த்தேன்.' அதில் ஒரு எழுத்தை நான் மாற்றினாலும் மேனேஜர் பாரத்தைக் கிழித்துப் போட்டுவிடுவார். வாசித்துக் காட்டியதும் கூட்டம் இரண்டடி பின்னால் போயிற்று. முதலில் சின்னையாவைத்தான் கேட்டேன். அவருடைய பேரப்பிள்ளைகள் எல்லாரும் நர்சம்மா கையில் பிறந்தவர்கள். கட்டிலைத் தலையில் சுமந்து வந்த மனிதர், மைப்பெட்டியைப் பார்த்ததும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். மற்றவர்களும் அப்படியே. நான் கெஞ்சினேன், கத்தினேன், "நன்றி கெட்ட ஜனங்களா" என்றுகூடச் சொல்லிவிட்டேன். சின்னையா கண்கலங்கிப் போனார். ஆனாலும் கை முன்னால் வரவில்லை.

"நர்சம்மாவுக்கு உசுரக் கேளுங்க, தாரேன். இத்தனை வருசங் கழிச்சு வந்த மழை மேல குத்தஞ் சொல்லிக் கைநாட்டு வச்சா, அது திரும்ப இங்கிட்டு எட்டிப் பாக்குமாங்க?"

காத்துப் பய

சாட்சி இல்லாத க்ளெய்ம் என்றதும் மேனேஜர் திருச்சியிலிருந்து ஒரு சர்வேயரை அனுப்பினார். பூட்ஸ், தொப்பி, கையில் குடை, முகத்தில் சிரிப்பே இல்லாத மனிதர். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே, "எல்லாம் போல்ட் ஓட்டையில ஒழுகினதாத்தான் இருக்கும்" என்றார். இந்த க்ளெய்ம் போனால் நர்சம்மா கப்பல் ஏறுவார், மேனேஜர் தகரக் கணக்கை மூடுவார். ஊராருக்கு இன்னது சொல்லுங்கள் என்று நான் சொல்லித்தரவும் இல்லை. கட்டிக்கொடுத்த சோறும் சொல்லிக்கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு?

சர்வேயர் மிச்சமிருந்த கூரையில் ஏறி ஒவ்வொரு போல்ட்டாகப் பார்த்தார். எல்லாவற்றிலும் ரப்பர் வாஷர், தார். "இது யார் வேலை?" என்றார். "நான்தான் சார்" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. கீழே வந்து, கூடியிருந்த ஊரைப் பார்த்துக் கேட்டார்: "மழை பெஞ்சு, ஓட்டை வழியா ஒழுகி, எல்லாம் வீணாப் போச்சு. அப்படித்தானே?"

சின்னையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். குரலில் அப்படி ஒரு கோபம்.

"மழையச் சொல்லாதீங்க சார், நாக்கு அழுகிப் போகும். மழை அதுபாட்டுக்குப் பேஞ்சுக்கிட்டு இருந்துச்சு. காலையிலேருந்து பேஞ்சும் உள்ள ஒரு சொட்டு எறங்கல. எம் மக இங்கதான் பிள்ளையோட படுத்திருந்தா, கேட்டுப் பாருங்க. மத்தியானம் கெழக்கேருந்து வந்தான் பாருங்க காத்துப் பய, அவன்தான் தகரத்தைப் பிச்சு அந்தா இருக்கிற புளியமரத்துல கொண்டுபோயிச் சொருகினான். கூரையத் தொறந்து விட்டுட்டா மழை, பாவம், எங்க போகும்? உள்ள வரத்தான் செய்யும்!"

தகரம் இன்னும் புளியமரத்தில்தான் இருந்தது. "ஆமா, காத்துதான்", "மழைக்கு ஒண்ணுந் தெரியாது" என்று கூட்டம் முழுக்கக் கத்தியது. சின்னையாவின் மகள் கைக்குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டு, தகரம் போகும்வரை மெத்தை காய்ந்துதான் இருந்தது என்றாள். மழையைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் அத்தனை பேரும் பாலிசிச் சட்டத்தை வரிக்கு வரி ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்தது. பேனா எடுத்த சர்வேயருக்கும் தெரிந்தது. பாரத்தில் 'மழைத் தண்ணீரால்' என்பதை அவர் கையாலேயே அடித்து, 'காற்று கூரையைப் பெயர்த்ததால்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வாசித்துக் காட்டியதுதான் தாமதம், மைப்பெட்டியைச் சுற்றி அப்படி ஒரு நெரிசல்! அன்றைக்கு ஊரிலேயே இல்லாதவனெல்லாம் காற்றுக்கு எதிராகக் கட்டைவிரலை நீட்டினான். அவர்களை நான்தான் விரட்டினேன். இவர்களையா நன்றி கெட்டவர்கள் என்றேன் என்று எனக்கு வெட்கமாகவும் இருந்தது, என் ஊர்க்காரர்கள் என்று கர்வமாகவும் இருந்தது.

பணம் வந்தது. புதுத் தகரம் ஏறியது. டிரங்குப் பெட்டி மறுபடி கட்டிலுக்கு அடியில் போயிற்று, கொழும்புக்குத் தந்தி போகவில்லை. மேனேஜர் தகரக் கணக்கை மூடவில்லை. அதுமட்டுமா, அடுத்த தடவை அச்சடித்த பாரத்தில் 'காற்று கூரையைப் பெயர்த்ததால்' என்ற வாசகமே ஏறியிருந்தது. கைநாட்டு வாங்கிய அன்று பஸ் ஏறும்போதுதான் சர்வேயருக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. "ஏங்க, மழையைச் சொன்னா கோவிச்சுக்கும். காத்தைத் திட்டுறீங்களே, அது கோவிச்சுக்காதா?" என்று சின்னையாவைக் கேட்டார்.

"கோவிச்சுக்கிட்டுப் போகட்டுமே சார், காத்து வந்து எங்களுக்கு என்னத்த வெளைய வச்சுச்சு?"

இத்தனை வருஷ சர்வீஸில் எங்கள் சீமையில் மழையின் பேரில் ஒரு க்ளெய்ம்கூட நான் எழுதியதில்லை. பழியெல்லாம் காற்றுக்குத்தான் போயிற்று, அதனிடம் காசு பார்த்த ஒரே ஜனங்கள் நாங்களாகத்தான் இருப்போம்.