அக்காள்மடத்தில் ஓடிய அரை நிமிடப் படம்

2008-ம் ஆண்டின் கடைசி. சென்னையில் நான் வேலை பார்த்த அனிமேஷன் நிறுவனத்தை மூடிவிட்டார்கள். அங்கே பல வருடம் தயாரிப்பாளராக இருந்தவள் நான். கார்ட்டூன் தொடரோ, செல்போன் விளையாட்டோ, ஓவியர்களைச் சேர்த்து வேலை வாங்கி முடித்துக் கொடுப்பது என் பொறுப்பு. பெட்டியோடு பரமக்குடி வீட்டில் வந்து இறங்கியபோது, வயலிலிருந்து வந்த அய்யா, "எத்தன நாளு லீவு, ஆத்தா?" என்று கேட்டார்.

எங்கெங்கோ விண்ணப்பித்தும் ஒன்றும் அமையவில்லை. கலை நிகழ்ச்சிகள் நடத்தும் ஒரு நிறுவனத்தின் மேலாளர் மட்டும், "நீங்களே ஒரு நிகழ்ச்சி நடத்துங்க, வந்து பார்த்துட்டு முடிவு சொல்றேன்" என்றார். ராமேஸ்வரம் போகிற வழியில் அக்காள்மடத்தில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்தேன். மீனவர் வீட்டுப் பிள்ளைகளை வரையச் சொல்லி, அந்த ஓவியங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படம் பிடித்து, குட்டிக் குட்டிக் கார்ட்டூன்களாக்கினோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊரே வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

அன்று காலையில்தான் தெரிந்தது, முந்தின நாள் கடலுக்குப் போன ஒரு நாட்டுப்படகு திரும்பவில்லை என்று. ஊர் மொத்தமும் கடற்கரையில் நின்றது. தள்ளிவைக்கலாம் என்று மேலாளருக்குப் போன் போட்டால், அவர் ரயிலில் ராமநாதபுரத்தைத் தாண்டிவிட்டிருந்தார். வந்தவர் காலி நாற்காலிகளைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன்.

"புரியுது மேடம். ஆனா கூட்டம் வரலைன்னா அது நிகழ்ச்சி இல்லையே" என்றவர், டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

புரொஜக்டரைக் கழற்றப் போனபோது வாசலில் ஒரு பெண் நின்றார். முழங்கால் வரை சேலை நனைந்திருந்தது. காணாமல் போன படகில் இருந்தது அவருடைய கணவர்.

"டீச்சர், எம்மக அவுக அப்பா படகை வரைஞ்சிருக்காளாம். ஒரு தடவ போட்டுக் காட்டுறீகளா?"

போட்டேன். அரை நிமிடம்தான். நீலப் படகு ஒன்று கரையை விட்டுக் கிளம்பி, அலைகளைத் தாண்டி, புள்ளியாகி மறைகிறது.

"திரும்பி வாராப்புல இல்லையா?"

"நேரம் பத்தலை அக்கா. இன்னைக்கே முடிச்சுத் தாரேன்."

"வேணாம். அவுக வரட்டும். பெறகு பாத்துக்கிருவோம்."

மறுபடி கடற்கரைக்கே நடந்தார். மண்டபத்தை அப்படியே போட்டுவிட்டு நானும் பின்னால் போனேன். இருட்டும்வரை அந்தக் கூட்டத்தோடு நின்றேன். மறுநாளும் தேடினார்கள், அதற்கு அடுத்தும் தேடினார்கள். ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை.

அந்தத் துறையில் எனக்கு அப்புறம் வேலை அமையவே இல்லை. பரமக்குடியில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் தயாரிக்கிறேன். அந்தக் குழந்தையின் படம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. படகைக் கரைக்குக் கொண்டுவருவது ஒரு நாள் வேலைகூட இல்லை. ஆனால் அந்த அக்கா வேண்டாம் என்று சொன்ன பிறகு, அதைத் தொட எனக்கு உரிமை இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.