கொடி அக்காவுக்கு வராத காய்ச்சல்

ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் எல்லோரும் அவரைக் கொடி அக்கா என்றுதான் கூப்பிடுவோம். துணி காயப்போடும் கொடியால் வந்த பெயர் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். எங்கள் கூடத்தில் கொடியே கிடையாது. ஈரத்துணி டிரையருக்குப் போகும், அங்கிருந்து இஸ்திரி போடுகிற சூட்டு உருளைக்குள் நுழைந்து மொடமொடவென்று வெளியே வரும். உருளையின் இந்த முனையில் நான் துணியைக் கொடுப்பேன், அந்த முனையில் அக்கா வாங்கி மடிப்பார்.

பெயர் வந்தது ஃபுட்பாலில். டிவியில் மேட்ச் ஓடும்போது கோட்டோரம் ஓடுகிற நடுவர் ஆஃப்சைடுக்கு, அதாவது கோலைக் காக்கிற டிஃபெண்டர்களைத் தாண்டி முன்னாலேயே போய் நிற்கிறவனுக்குப் பந்து போனால், கொடி தூக்குவார் இல்லையா, அவர் தூக்குவதற்கு ஒரு நொடி முன்னாலேயே அக்காவின் வலது கை மேலே போய்விடும். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

பிறந்த வீட்டில் அவர் பந்தைத் தொட்டதும் இல்லை, பார்த்ததும் இல்லை. எல்லாம் கல்யாணத்துக்குப் பிறகு வந்த பழக்கம். புருஷன் எங்கள் சலவைக் கூடத்து வேன்காரர். ஆஸ்பத்திரியின் கிளைகளுக்கெல்லாம் துணி மூட்டை ஏற்றிப்போய் இறக்குவார். கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது, ஆனால் வாயைத் திறந்து பேசுகிற ஆளும் கிடையாது. கேட்டால் பதில் வரும், அவ்வளவுதான். மேட்ச் ஆரம்பித்தால் மட்டும் ஆள் மாறிவிடுவார். ரெஃப்ரியைத் திட்டுவார், கோச்சுக்கு யோசனை சொல்வார், எதிரணி கோல்கீப்பருக்குச் சாபம் விடுவார்.

"இந்த மனுஷன் வாயிலேர்ந்து நாலு வார்த்தை வரணும்னா நானும் அங்கதான் போய் உக்காரணும்னு புரிஞ்சுது" என்று அக்கா என்னிடம் ஒரு தடவை சொன்னார். "மொதல்ல சும்மா கேள்வி கேட்டேன். அது ஏன் ஃபவுல், இது ஏன் கார்னர்னு. அவரு சொல்லச் சொல்ல எனக்கு ஒரே சந்தோஷம். ஆட்டம் புடிச்சதெல்லாம் அப்புறம்தான்."

அப்புறம் ரொம்பவே பிடித்துவிட்டது. பஸ்ஸில் வரும்போது மற்றவர்கள் போனில் சீரியல் பார்ப்பார்கள், அக்கா ஆட்ட விதிகளைப் படித்துக்கொண்டு வருவார்.

ஞாயிற்றுக்கிழமை மேட்ச் என்றால் டயர் கடைதான். கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சுவரில் இருக்கிற பெரிய டிவியைப் போடுவார். பழைய டயர்களை அடுக்கி மேலே பலகை போட்டால் அதுதான் காலரி. அக்காவுக்கு மட்டும் கல்லாவுக்குப் பின்னாலிருக்கும் சுழல் நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். எல்லோரும் நீலச்சட்டை அணியின் ஆட்கள். மேட்ச் முடிந்த பிறகுதான் உண்மையான மேட்ச் தொடங்கும். கொடுத்த பெனால்டி சரியா, கொடுக்காத பெனால்டி அநியாயமா, அந்தக் கை தானாகப் பட்டதா, வேண்டுமென்றே நீட்டியதா என்று தொண்டை கட்டும்வரை பேசுவார்கள். சிரித்துக்கொண்டே கத்துவார்கள், கத்திக்கொண்டே டீ குடிப்பார்கள். அந்தக் கூட்டத்தில் அக்கா ஒருத்திதான் பெண். அது யாருக்கும் உறுத்தவில்லை. அப்படித்தான் அக்கா நினைத்திருந்தார்.

கோப்பை அரையிறுதி அன்று நீலச்சட்டைக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அடித்த பந்து கம்பத்தில் மோதித் திரும்பி, அடித்தவன் காலுக்கே வந்தது. அவனே அதை மறுபடியும் உதைத்து வலைக்குள் தள்ளினான். கடையே எழுந்து குதித்தது. ரெஃப்ரி விசில் ஊதி, கோல் இல்லை என்று கையாட்டினார்.

வேன்காரருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. "விலை போயிட்டான்டா இந்த ரெஃப்ரி! திரும்பி வந்த பந்தை யாரு வேணா அடிக்கலாம்! இதுகூடத் தெரியாதவன் கையில விசிலைக் குடுத்தது யாரு?"

"இல்லைங்க" என்றார் அக்கா. "வேற யாரு வேணா அடிக்கலாம். பெனால்டி அடிச்சவரு மட்டும் அடிக்கக் கூடாது. நடுவுல இன்னொருத்தர் மேல பட்டிருக்கணும். கம்பத்துல பட்டது கணக்கில்ல."

"கோல்கீப்பர் கையில பட்டுத்தான் வந்துச்சு."

"படலைங்க."

"பட்டுச்சுங்கறேன்ல! நீ என்ன கம்பத்துப் பக்கத்துலயா நின்னுட்டிருந்தே?"

டிவியில் அதையே மெதுவாகத் திரும்பக் காட்டினார்கள். கோல்கீப்பரின் கையுறைக்கும் பந்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. பிறகு எங்கள் கூடத்துக்கு மெஷின் பார்க்க வருகிற எலக்ட்ரீஷியன் தொடையைத் தட்டினான். "அண்ணே, வீட்டுல விசில் யாரு கையிலன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு!"

கடை முழுக்கச் சிரிப்பு. வேன்காரரும் சிரித்தார். "அவரும் சிரிச்சாரே, அதனால நானும் சிரிச்சேன்" என்பார் அக்கா. அந்த மேட்சை நீலச்சட்டை கடைசியில் ஜெயித்தும்விட்டது. ஃபைனலுக்குப் போய்விட்டோம் என்ற குஷியில் அந்தப் பேச்சு அதோடு போயிற்று.

ஃபைனலுக்கு முந்தின நாள் சாப்பிடும்போது வேன்காரர் தானாகவே கேட்டார். "இந்த பேக்பாஸ்னு சொல்றாங்களே, அது சரியா என்ன? எப்ப கோல்கீப்பர் கையால எடுக்கலாம், எப்ப எடுக்கக் கூடாது?"

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணமான இத்தனை வருஷத்தில் புருஷன் தன்னிடம் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. உப்பு டப்பாவைக் கோல்கீப்பராக வைத்தார், கரண்டியை டிஃபெண்டராக நிறுத்தினார். "நம்ம ஆளே வேணும்னு காலால தள்ளிவிட்ட பந்தைத்தான் கீப்பர் கையால எடுக்கக் கூடாது. தலையால தட்டிவிட்டா எடுக்கலாம். எதிராளியைத் தடுக்கப் போயி, கால் சறுக்கி, பந்து தானா அந்தப் பக்கம் போனாலும் எடுக்கலாம். அவன் நெனச்சு அனுப்பினானான்னுதான் பாக்கணும்." சாப்பாடு ஆறிப்போகிற வரைக்கும் சொன்னார். புருஷனும் நகராமல் கேட்டுக்கொண்டார்.

கை கழுவும்போது, திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "நாளைக்கு டயர் கடையில மேட்ச் கிடையாது. டிவி புகைஞ்சுபோச்சாம். எனக்கும் வெளியூர்க் கிளைக்கு ஒரு ட்ரிப் போட்டுட்டாங்க."

வீட்டு டிவியில் அந்தச் சேனல் வராது. அதனால் ஃபைனல் அன்று அக்கா தனியாக, சிக்னல் கிடைக்கிற ஜன்னலோரமாக நின்றுகொண்டு போனில் பார்த்தார். படம் நின்று நின்று வந்தது. கோல் போகிற நேரம் பார்த்து வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். ஆனாலும் விடவில்லை. ஆட்டத்தின் நடுவே பெரிய ரகளை. நீலச்சட்டை டிஃபெண்டர் ஒருவன் வழுக்கி விழுந்தபடி காலை நீட்ட, பந்து பட்டுக் கோல்கீப்பரிடம் போய்விட்டது. அவன் கையால் எடுத்துக்கொண்டான். எதிரணியினர் ரெஃப்ரியைச் சூழ்ந்துகொண்டார்கள். ரெஃப்ரி அசையவில்லை. நீலச்சட்டை கோப்பையை ஜெயித்தது.

நேற்றுத்தான் இதைப் புருஷனுக்குச் சொல்லிக்கொடுத்தோம், இன்றைக்கு அப்படியே நடக்கிறதே! அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேன் சத்தம் எப்போது கேட்கும் என்று வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார்.

பொழுது சாயும் நேரத்துக்கு வேன்காரர் வந்தார். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, "யாரு ஜெயிச்சா?" என்று கேட்டார்.

அக்கா முதலிலிருந்து சொன்னார். யார் யாருக்குத் தள்ளினான், யார் விழுந்தான், ரெஃப்ரி எங்கே நின்றார் என்று எழுந்து நின்று நடித்துக்காட்டினார். பேக்பாஸ் விஷயத்துக்கு வந்ததும் வீட்டுத் தரையில் சறுக்கியே காட்டினாராம். வேன்காரர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, "அட!" என்றார். "அப்புறம்?" என்றார்.

அடுத்த வாரம் எங்கள் உருளையில் ஃபியூஸ் போய் எலக்ட்ரீஷியன் வந்தான். சரிசெய்து உருளையை ஓட்டிப் பார்த்துக்கொண்டே, "காய்ச்சல் நல்லா விட்டுடுச்சாக்கா?" என்றான்.

"எனக்கென்ன காய்ச்சல்?"

"ஃபைனல் அன்னைக்குப் படுத்த படுக்கையா இருந்தீங்களே. அண்ணன் சொன்னாரு. நீங்க இல்லாம கடையே சப்புன்னு இருந்துச்சுக்கா."

உருளையிலிருந்து விரிப்புகள் வந்துகொண்டே இருந்தன. அக்கா வாங்கவில்லை. ஒன்றின்மேல் ஒன்றாகத் தரையில் விழுந்தன. நான் ஓடிப்போய் மெஷினை நிறுத்தினேன். எலக்ட்ரீஷியன் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், பையை எடுத்துக்கொண்டு மெல்ல நழுவிவிட்டான்.

வேலை முடிந்ததும் அக்கா வீட்டுப் பக்கம் போகவில்லை. டயர் கடைக்கு நடந்தார். அவர் முகத்தைப் பார்த்தால் தனியே விட மனசு வரவில்லை, நானும் கூடவே போனேன். கடையில் வழக்கமான ஆட்கள் சிலர் நின்று, கோப்பை கைக்கு வந்த பிறகும் விடாமல் அதே பேக்பாஸைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்காவைப் பார்த்ததும் நாற்காலி வந்தது. "வாங்கக்கா! நீங்களே தீர்ப்பு சொல்லுங்க, இவன் கேக்கவே மாட்டேங்கறான்!"

அக்கா உட்காரவில்லை. டிவியைப் பார்த்தார். அது ஓடிக்கொண்டிருந்தது. "டிவி எப்ப சரியாச்சு?" என்று கேட்டார்.

"அதுக்கென்ன? நல்லாத்தானே இருக்கு" என்றார் டயர் கடைக்காரர். "ஃபைனல் அன்னைக்கு உங்களுக்கு போன் போட்டு விசாரிக்கலாம்னு எடுத்தேன். அண்ணன்தான் தடுத்துட்டாரு. மாத்திரை போட்டுத் தூங்கறா, எழுப்பாதேன்னாரு."

பக்கத்திலிருந்தவர் உற்சாகமாகச் சொன்னார். "ஆனா ஒண்ணுக்கா, அன்னைக்கு அண்ணன் கலக்கிட்டாரு. நாங்கல்லாம் ஐயோ பேக்பாஸ், போச்சுடான்னு பதறறோம். அவரு மட்டும், 'இருங்கடா, அவன் நெனச்சா அனுப்பினான்? கால் சறுக்கித் தானா போன பந்து'ன்னு புட்டுப் புட்டு வெச்சாரு. ரெஃப்ரியும் அதையே சொல்லிட்டாரா, எங்க வாயி அடைச்சுப்போச்சு. அண்ணனுக்கு இவ்வளவு தெரியும்னு யாருக்குத் தெரியும்!"

டயர் கடைக்காரருக்கு ஏதோ உறைத்துவிட்டது. அந்த ஆளின் தோளை அழுத்தினார். "அக்கா, நாங்க நெசமாவே காய்ச்சல்னுதான்..." என்று இழுத்தார்.

"உங்க மேல என்ன இருக்கு" என்று சொல்லிவிட்டு அக்கா வெளியே வந்தார். தெருமுனை வரைக்கும் அழவில்லை. முனை திரும்பியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் தரையில சறுக்கிக் காட்டினேனே" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். "எல்லாத்தையும் பார்த்துட்டு வந்த மனுஷன்கிட்ட சறுக்கிக் காட்டினேனே."

அன்றைக்கு வீட்டில் நடந்ததை மறுநாள் எனக்குச் சொன்னார். அக்கா கேட்டதும் வேன்காரர் மழுப்பவில்லை.

"ஆமா, சொன்னேன். ஒரு நாளாவது அந்தக் கடையில நான் பேசணும், மத்தவன் கேக்கணும்னு இருந்துச்சு. வாயைத் தெறந்தா நீ திருத்தறே. நாலு பேரு சிரிக்கறான்."

"சிரிச்சது புடிக்கலைன்னு சொல்லியிருந்தா நான் வாயை மூடிட்டு உக்காந்திருப்பேனே."

"அதைப் போயி உன்கிட்ட கேட்டு வாங்கணுமா?"

"சரி, என்னைக் கூட்டிட்டுப் போகலை, விடுங்க. வந்து 'யாரு ஜெயிச்சா'ன்னு கேட்டீங்களே, அது எதுக்கு? நான் சொல்லச் சொல்ல 'அப்புறம்'னீங்களே?"

வேன்காரர் "ஒரு மேட்சுக்கு இவ்வளவா?" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். வெளியூரில் வேலை பார்க்கும் மகளுக்கு அக்கா போன் போட்டார். அவளும் அதையேதான் சொன்னாள். "ஒரு மேட்ச்தானேம்மா. அப்பா வேற எங்கயாவதா போனாரு? டயர் கடைக்குத்தானே போனாரு?"

அதன்பிறகு வேன்காரர் டயர் கடைப் பக்கமே தலைகாட்டவில்லை. கடைக்காரர் வந்து கூப்பிட்டார் என்று அக்கா மட்டும் ஒரு ஞாயிறு போனார். எல்லோரும் எழுந்து இடம் கொடுத்தார்கள். அவர் என்ன சொன்னாலும், "ஆமாக்கா, நீங்க சொன்னா சரிதான்" என்றார்கள். எதிர்த்துப் பேச ஒரு ஆள் இல்லை. பாதியிலேயே எழுந்து வந்துவிட்டார், திரும்பப் போகவில்லை.

புது சீசன் தொடங்குவதற்கு முன்னால் வேன்காரர் வீட்டுக்குப் பெரிய டிவி ஒன்று வாங்கிவந்து மாட்டினார். எல்லாச் சேனலும் வரும்படி செய்தார். "இனிமே யார் கடைக்கும் போக வேணாம். நாம ரெண்டு பேருமே பாத்துக்கலாம்" என்றார். பக்கத்தில் அக்காவுக்கும் ஒரு நாற்காலி போட்டார். அக்கா மறுக்கவில்லை, உட்கார்ந்தார். நீலச்சட்டைக்கு எதிராக ஒரு கோல் விழுந்தது.

"இது ஆஃப்சைடுதானே?" என்று வேன்காரர் கேட்டாராம்.

"தெரியலைங்க" என்றாராம் அக்கா.

"உனக்கா தெரியாது?"

"தெரியலை" என்று சொல்லிவிட்டு எழுந்து, காய்ந்த துணிகளை எடுக்க மாடிக்குப் போய்விட்டாராம். கீழே அவர் தனியாக ரெஃப்ரியைத் திட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததாம்.

திங்கட்கிழமை உருளைக்கு அந்தப் பக்கம் நின்று விரிப்புகளை மடித்துக்கொண்டே அக்கா இதைச் சொன்னார். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நெசமாவே தெரியலையாக்கா?"

"ஆஃப்சைடு இல்ல" என்றார் அக்கா. "இடது ஓரத்துல நம்ம டிஃபெண்டர் ஒருத்தன் மத்தவங்களோட முன்னால ஏறாம பின்தங்கி நின்னுட்டான், அவனைத் தாண்டி எவனும் நிக்கல. சுத்தமான கோல்."

சொல்லிவிட்டு அடுத்த விரிப்புக்குக் கையை நீட்டினார்.