ஆளில்லாத வீட்டில் ஓடிய கரண்டு

இன்னிக்கு சாயங்காலம் கேக் எடுக்க கிள்ளான்ல சாந்தி அக்கா வீட்டுக்குப் போனேன். வாடகை வீட்டிலேயே கேக் செய்து விக்கிறவங்க.

வீட்டுக்கார அங்கிளும் அங்கே இருந்தார். கரண்டு பில் ஏறுது, ஓவனை நிறுத்து, இல்லன்னா வேற வீடு பாருன்னு போன மாசமே சொல்லிட்டாராம்.

அக்கா அப்போ ஒண்ணுதான் கேட்டிருக்காங்க. "மீட்டர் உங்க பேர்ல இருக்கு அங்கிள். ஆனா கரண்டு யூஸ் பண்றது நான். கரண்டு கம்பெனி ஆப்ல எனக்கும் பார்க்க வழி பண்ணிக் கொடுங்க." அவரும் செஞ்சு கொடுத்திருக்கார்.

இன்னிக்கு அந்த ஆப்பைத் திறந்து, தன் போனை அவர்கிட்ட நீட்டினாங்க. எந்த மணிக்கு எவ்வளவு கரண்டு ஓடுச்சுன்னு அதுல தெரிஞ்சது.

"இது நாங்க எல்லாரும் ஈப்போவுக்குக் கல்யாணத்துக்குப் போன நாள். ஓவன் ஆஃப். என் ஃப்ரிட்ஜ் மட்டும் இவ்ளோ இழுக்காது அங்கிள்."

அங்கிள் போனை வாங்கிப் பார்த்தார். பிறகு, தன் சாமானுக்குன்னு பூட்டி வச்சிருந்த பின்பக்க ஸ்டோரைத் திறந்தார். உள்ளே அவரோட பழைய ஃப்ரீசர், காலியா, ஓடிக்கிட்டு இருந்தது.

"மறந்தே போச்சும்மா. சாரி லா." அவரே சுவிட்சை அணைச்சார். "நீ இங்கயே இரு. கேக் செய்."

"டீ குடிச்சிட்டுப் போங்க அங்கிள்"னு சாதாரணமா சொன்னாங்க அக்கா. எனக்குத்தான் கைதட்டணும் போல இருந்தது.

வீட்டுக்கு வந்து நானும் என் ஆப்பைத் திறந்தேன். பாஸ்வர்ட் ஞாபகம் இல்ல. நீங்க யாராவது திறந்து பார்த்திருக்கீங்களா, இல்ல என்னை மாதிரி பில்லைத் திட்டுறதோட சரியா?