சவுரியம்மாள் கண்ட சிவப்பு உண்ணி

சவுரியம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் கடுகில் பாதிகூட இல்லாத நீர் உண்ணியை லென்ஸ் இல்லாமலே இன்ன வகை என்று சொல்லிவிடுவாள். திண்டிவனத்துக்கு மேற்கே, தொண்டியாற்றங்கரையில் அவளுடைய சேரி. மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கும் காலம் போனால் கூலி கிடையாது. நான் அப்போது விழுப்புரத்தில் பள்ளி ஆசிரியர். ஆற்றுச் சரளைக்குள் வாழும் உண்ணிகளை வகைப்படுத்தி எழுதிக்கொண்டிருந்தேன். 1938 முதல் நான்கு வருஷம், சனிக்கிழமைதோறும் எனக்குக் குழி தோண்டித் தந்தவள் அவள்தான்.

முதல் நாள் பீங்கான் தட்டைக் குனிந்து பார்த்துவிட்டு, "இந்தப் பேனைப் பாக்கவா ரயிலேறி வந்தீங்க? எங்க தெருப் புள்ளைங்க தலையில கொள்ளையா கெடக்குதே, ஐயா" என்றாள்.

சரளையில் முழங்கை ஆழம் தோண்டினால் நீர் ஊறும். அதை மல் துணியில் வடித்து, துணியைத் தட்டு நீரில் உதறினால் உண்ணிகள் ஊரும். திறந்த நீரில் வாழ்பவை சிவப்பு. கண் உண்டு, காலில் நீந்துவதற்கான மயிர் உண்டு. சரளைக்கடியில் இருட்டில் வாழ்பவை வெளுத்து, கண்ணில்லாமல், நீந்தத் தெரியாமல் இருக்கும். நான் கால் கணுக்களையும் முதுகுத் தகடுகளையும் பார்த்து லத்தீன் பெயர் தேடிக்கொண்டிருப்பேன். அவள் "பாக்கிறது", "குருடு" என்று இரண்டு கிண்ணங்களில் பிரித்து முடித்திருப்பாள். ஒருநாளும் தவறியதில்லை.

நாற்பத்திரண்டு கோடையில் ஆறு வற்றி ஒரே ஒரு மடு மிஞ்சியது. எருமைகள் அதில்தான் கிடந்தன. மடுவுக்குக் கீழே சேரியின் குடிநீர் ஊற்று. நடுவில் மடுத் தண்ணீரை வடிகட்டும் ஒரு சரளைத் திட்டு. யுத்தத்துக்கு ரோடு போடுகிறார்கள் என்று மாட்டு வண்டிகள் அந்தத் திட்டைத் தினமும் அள்ளிப் போயின. வாராவாரம் திட்டு மெலிந்தது. மேலே உள்ள ஊர்களில் வாந்திபேதி என்று ரயிலில் பேசிக்கொண்டார்கள். யாரோ நோயாளியின் பாயையும் துணியையும் மடுவில் அலசிவிட்டுப் போவதாக அவள் சொன்னாள்.

சித்திரைக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, ஊற்றுக்குப் பக்கத்துக் குழியில் வடித்த தட்டை என் முன்னால் வைத்தாள். வெளுத்தவற்றின் நடுவே மூன்று சிவப்பு உண்ணிகள் நீந்திக்கொண்டிருந்தன.

"மடுவுல முக்கின துணியை இங்கயும் முக்கிட்டியா?" என்றேன்.

"அதுக்கு முடிச்சுப் போட்டு வச்சிருக்கேன். இது வேற துணி. மடுத் தண்ணி உள்ளாற வந்துக்கினு இருக்குது, ஐயா."

நான்கு வருஷத்தில் அந்த ஆழத்தில் சிவப்பைக் கண்டதில்லை. அவள் கைத்தவறு என்றே எடுத்துக்கொண்டேன். சீட்டில் 'கலப்பு, சேர்க்க வேண்டாம்' என்று எழுதினேன்.

அவள் நகரவில்லை. "அப்ப இந்தத் தண்ணியக் குடிக்கலாமா? வேணாம்னா சொல்லுங்க. ஊர்க் கிணத்துக்குப் போகணும். நாங்களா போனா வெரட்டுவாங்க. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா ஊத்துவாங்க."

ஊர்க் கிணறு அரை மைல். வெயில் ஏறிவிட்டது, ரயிலுக்கும் நேரமாகிவிட்டது. "குடிக்கலாம். அடுத்த வாரம் புதுத் துணியில பாப்போம்" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை ஆற்றில் யாருமில்லை. வண்டிகள்கூட வரவில்லை. புதுத் துணியோடு நானே தோண்டி வடித்தேன். தட்டில் சிவப்பே அதிகம்.

சேரிக்கு ஓடினேன். தெருமுனையில் சுண்ணாம்பு தூவியிருந்தது. அவளுடைய மகள் லூர்துமேரி காலிக் குடத்தோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மாவ வியாழக்கிழமை பொதைச்சோம், ஐயா. அதோட சேத்து ஏழு பேரு. ஐயா குடிக்கலாம்னுட்டாருன்னு அம்மாதான் எல்லாருக்கும் மொண்டு குடுத்துச்சு."

அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். அவளைக் கூட்டிக்கொண்டு ஊர்க் கிணற்றுக்குப் போனேன். மணியக்காரர் வெங்கடாசலம் அங்கே நின்றிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் லூர்துமேரியிடம், "கொடத்த எட்ட வை" என்றார். ஆளைக் கூப்பிட்டு இறைத்து ஊற்றச் சொன்னார். குடம் நிறைந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"போன வாரமே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, சார்?"