மூன்று கோடும் ஒரு பொட்டும்

தசரதனுக்குத் தொழில் மோட்டார் காயில் கட்டுவது. கருகிய கம்பியை உருவிவிட்டுப் புதுச் செம்புக் கம்பியைச் சுற்று பிசகாமல் சுற்றித் தருவார். அதோடு அவர் பேரிடர் மீட்புத் தன்னார்வலரும்கூட. பன்னிரண்டு நாள் பயிற்சி, ஆரஞ்சுச் சட்டை, விசில், முப்பது மீட்டர் கயிறு, கழுத்தில் ஓர் அட்டை. பயிற்சியில் நீச்சலும் சொல்லிக்கொடுத்தார்கள். ஆறு ஓடாத ஊரில் அதை அவர் பத்திரமாக வைத்திருந்தார்.

ஒரு டிசம்பர் புயல் மழையில் திருவண்ணாமலையின் இன்னொரு பக்கத்தில் மலை சரிந்து வீட்டை மூடியபின் வந்த ஏற்பாடு இதெல்லாம். மலையைப் பார்த்துக் கும்பிட மட்டுமே பழகியிருந்த ஊருக்கு, அதைப் பார்த்துக் கொஞ்சம் பயப்படவும் வேண்டும் என்று சொல்ல ஆள் தேவைப்பட்டது. தசரதன் கையைத் தூக்கினார்.

அவர் குடியிருந்தது பாறையடித் தெரு. பேரிலேயே எச்சரிக்கை இருந்தும் பத்தொன்பது வீட்டுக்காரர்களும் அதை முகவரிக்கு மட்டுமே பயன்படுத்திவந்தார்கள். வீடுகளுக்கு நேர் மேலே, மலைச்சரிவில், இரண்டு லாரிகளை ஒன்றன்மேல் ஒன்று நிறுத்தியதுபோல ஒரு பாறை.

புரட்டாசியில் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசிலிருந்து தேவிப்ரியா என்ற இளம் நிலவியல் அதிகாரி வந்தார். தெருவே வேலைக்குப் போயிருந்த நேரத்தில் தசரதன் அவரை மேலே கூட்டிப்போனார். பாறைக்குப் பின்னாலிருந்த விரிசலில் இரண்டு விரலை விட்டுப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “இது நிக்காதுங்க. இந்த மழைக்கா, அடுத்த மழைக்கான்னுதான் எனக்குத் தெரியல.”

குறி போடச் சொன்னார். ஒரு கோடு என்றால் கவனம். இரண்டு என்றால் கண்காணிப்பு. மூன்று என்றால் கீழே ஆள் குடியிருக்கக் கூடாது. தசரதன் வெள்ளை பெயிண்டில் மூன்று கோடு இழுத்தார். காயில் கட்டுகிற கை, ஒரு நூல் பிசகவில்லை. பாறையை உடைக்கத் துளை போட வேண்டிய இடத்தில் சிவப்பில் ஒரு வட்டம். அது நடுக்கோட்டின் நட்டநடுவில் அமைந்தது பாறையின் குற்றமே தவிர அவருடையதல்ல.

“தெருவுல இப்ப சொல்லிடாதீங்க. பீதியாயிடும். ஆர்டர் வரட்டும்” என்றார் அதிகாரி.

தசரதன் சொல்லவில்லை. பீதி ஆகவில்லை. பக்தி ஆகிவிட்டது.

மூன்றாம் நாள் கடையிலிருந்து வந்தவரிடம் மனைவி சந்திரகலா தண்ணீர்ச் சொம்பை நீட்டிக்கொண்டே சொன்னாள்: “இன்னாங்க, விசயம் தெரியுமா? மேல பாறையில சாமி தானா பட்டை சாத்திக்கினு வந்திருக்காரு. பொட்டு வேற.”

தசரதனுக்குச் சிரிப்பு வந்தது. அப்போதே சிரித்திருந்தால் ஒருவேளை எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். ஆர்டர் வரட்டும் என்று அடக்கிக்கொண்டார். ஆர்டருக்கு முன்னால் மணி வந்தது. பிறகு தகரக் கொட்டகை. ரிட்டையர்டு கண்டக்டர் சுப்பிரமணி பூசைப் பொறுப்பை ஏற்றார். தட்டை நீட்டினால் சில்லறை போடுவார்கள் என்பதில் அவருக்கு முப்பது வருட அனுபவம் இருந்தது. கலா விளக்குப் போட்ட ஒன்பதாம் நாள், மகள் கவியாவுக்கு வேலூரில் நர்ஸ் வேலை கிடைத்தது. அதற்குப்பின் உண்மையைச் சொல்வது தசரதனுக்கு இன்னும் கடினமாகிவிட்டது.

ஐப்பசி முதல் வாரத்தில் பாறையை உடைக்க கம்ப்ரசர் வண்டியோடு ஆட்கள் வந்தார்கள். தெருவே வழியில் உட்கார்ந்துவிட்டது. கூட்டத்தை ஒழுங்குபடுத்த அனுப்பப்பட்ட தன்னார்வலர் தசரதன்தான். அவர் விசிலை ஊதிவிட்டுச் சொன்னார்: “மாமா, எல்லாரும் கேளுங்க. அது சாமி போட்டது இல்ல. நான் போட்டது. பெயிண்ட்டு.”

சுப்பிரமணி எழுந்து வந்தார்.

“எந்தக் கையால மாப்ள போட்ட?”

“வலது கையாலதான்.”

“அந்தக் கையி யாரு குடுத்தது?”

தசரதனின் பயிற்சியில் இந்தக் கேள்வி வரவில்லை. வீட்டுக்கு ஓடி பெயிண்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் கொண்டுவந்து காட்டினார். கலா அதை வாங்கிப் பார்த்தாள். “நம்ம வாசல்ல காவி அடிச்சீங்களே, பாம்பு போன தடம் மாதிரி. அங்க அவ்ளோ நேரா வந்திருக்குன்னா அது உங்க வேலையா?” என்றாள். டப்பாவும் பிரஷ்ஷும் பாறைக்குக் கீழே வைக்கப்பட்டன. மறுநாள் அவற்றுக்கும் பூ சாத்தியிருந்தது.

கம்ப்ரசர் திரும்பிப் போய்விட்டது. தெருவாசிகளின் சம்மதக் கடிதம் இருந்தால்தான் இனி மிஷின் வரும் என்று தேவிப்ரியா போனில் சொன்னார். அவர் குரலில் வெட்கம் இருந்தது. வேறு எதுவும் இல்லை. தசரதன் பத்தொன்பது வீட்டிலும் படியேறினார். எல்லோரும் காபி கொடுத்தார்கள். கையெழுத்து ஒன்று கிடைத்தது, அது அவருடையது. அதற்கே கலா இரண்டு நாள் பேசவில்லை.

ஐப்பசிக் கடைசியில் சிவப்பு எச்சரிக்கை வந்தது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தைத் திறந்து, பாய் விரித்து, சாம்பார் சாதம் செய்து வைத்திருந்தார்கள். காலை பத்து மணிக்குக் கொட்டுகிற மழையில் தசரதன் விசிலோடு தெருவுக்குள் வந்தார். வீடுகள் காலி. அவர் மாதாமாதம் சொல்லிக்கொடுத்தபடியே சிலிண்டரை மூடி, மெயினை அணைத்து, ரேஷன் கார்டையும் பத்திரத்தையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் கிளம்பியிருந்தார்கள். ஒருவர் விடாமல் மேலே போயிருந்தார்கள்.

தகரக் கொட்டகைக்குள், பாறையின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஐம்பத்து மூன்று பேர். தசரதன் இரண்டு தடவை எண்ணினார்.

“கலா, கீழ வா. ஸ்கூலுக்குப் போலாம். உன் கால்ல விழட்டுமா?”

“ஸ்கூலு மேல ஓடு போட்டது. இது கல்லு. எது தாங்கும், நீங்களே சொல்லுங்க.”

“தாங்கறது இல்ல கலா, இது உருளப் போவுது.”

“உருளணும்னா இத்தினி வருசம் எதுக்கு நின்னுது?”

விசிலை வாயில் வைத்தார். “பூசை நேரம் மாப்ள” என்றார் சுப்பிரமணி, மிக மரியாதையாக.

வழுக்குகிற பாதையில் இவர்கள் இறங்குவதற்காவது உதவட்டும் என்று தசரதன் கயிற்றை ஒரு வேப்பமரத்தில் கட்டிக் கீழே விட்டார். அதைப் பிடித்துக்கொண்டு பக்கத்துத் தெருக்காரர்கள் ஏறி வந்தார்கள்.

கடைசியில் அவரும் கொட்டகைக்குள் உட்கார்ந்தார். மனைவியை அங்கே விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்தில் சாம்பார் சாதம் சாப்பிட அவரால் முடியவில்லை. பாறையில் முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்திருந்தவர் அவர் ஒருவர்தான். இரண்டாம் நாள் மாலை மழை விட்டது. பாறை விழவில்லை.

அவர் வாதத்துக்கு இதைவிடப் பெரிய அடி இருக்க முடியாது. விழுந்திருந்தால் எல்லோரும் செத்திருப்பார்கள். விழாததால் யாரும் இனி கேட்க மாட்டார்கள். பின்பக்கம் போய்ப் பார்த்தார். விரிசலில் இப்போது நாலு விரல் தாராளமாகப் போயிற்று. அளவெழுதிய தாளை தேவிப்ரியாவுக்கு அனுப்பினார். “சம்மதக் கடிதம்?” என்று இரண்டே சொல்லில் பதில் வந்தது.

காத்த சாமிக்குத் தகரக் கொட்டகை போதாது, கான்கிரீட் மண்டபம் வேண்டும் என்று தெரு முடிவெடுத்தது. தூண் நிறுத்த மேஸ்திரி வல்லரசு பாறையடியில் குழி எடுக்க ஆரம்பித்தார். கீழே முட்டுக்கொடுத்து நின்ற கற்களில் பெரியதை மட்டுமாவது தொட வேண்டாம் என்று தசரதன் கேட்டுக்கொண்டார். சாமிக்குப் பட்டை போட்ட அவர் கை புனிதமான கை என்பதால் எல்லோரும் உடனே ஒப்புக்கொண்டார்கள். மறுநாள் மத்தியானம் பார்த்தால் அந்தக் கல் இல்லை. “தூண் லைனுக்கு குறுக்க வந்துச்சு சார். பத்திரமா எடுத்து ஓரமா வெச்சிருக்கேன்” என்றார் வல்லரசு.

தசரதன் வீட்டுக்கு வந்து, மலைப் பக்க அறையிலிருந்த கட்டிலைப் பிரித்துத் தெருப் பக்கத்து அறைக்கு இழுத்துவந்து மாட்டினார்.

“எதுக்கு இப்ப இது?” என்றாள் கலா.

“காத்துக்கு.”

“இங்க கொசு ஜாஸ்தி.”

“பரவாயில்ல.”

இரண்டு அறைக்கும் நடுவில் பதினோரு அடி. டேப்பை வைத்து அளந்திருந்தார். அந்த எடையுள்ள கல்லுக்குப் பதினோரு அடி ஒரு கணக்கே இல்லை என்று பயிற்சியில் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். அவர் கட்டில் காலுக்கு அட்டை வைத்து ஆட்டம் நிற்கிறதா என்று பார்த்தார். மேலே கடப்பாரைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.