கன்னி மூலையில் ஒரு குழி

சித்தம்மா தரை போட்ட குளியலறையில் தண்ணீர் நிற்காது. மைசூரில் விஜயநகர் பக்கம் வீடு கட்டும் இன்ஜினியர்கள் பலருக்கும் இது தெரியும். எந்த மூலையில் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றினாலும் அது வளைந்து நெளிந்து வடிகால் துளைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பார்வைக்குத் தரை சமமாகத்தான் இருக்கும்.

ஹனூருக்குப் பக்கத்தில் ராகி போட்டுப் பிழைத்த குடும்பம் அவளுடையது. கல்யாணமான மறு வருஷம் புருஷன் பழனியோடு மைசூருக்கு பஸ் ஏறினாள். அவன் கொத்தனார், அவள் சித்தாள். பதினோரு வருஷம் தலையில் சாந்துச் சட்டி சுமந்தாள். ஒரு நாள் குளியலறைக்குத் தரை போட வேண்டிய கொத்தனார் காய்ச்சலில் படுத்துவிட்டார். கலந்த சாந்து இறுகிக்கொண்டிருந்தது. சித்தம்மா கரணையை எடுத்து அவளே போட்டு முடித்தாள். மறுநாள் இன்ஜினியர் வந்து ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. அடுத்த குளியலறையையும் அவளிடமே கொடுத்தார். அதற்குப் பிறகு அவள் சட்டி தூக்கவில்லை.

"நான் சுவத்த நிக்க வெக்கிறேன், இவ தண்ணிய ஓட வெக்கிறா. குடும்பம் நடக்குது" என்பான் பழனி.

ஆனாலும் யாரும் அவளை மேஸ்திரி என்று கூப்பிட்டதில்லை. மேஸ்திரி என்றால் ஆட்களை வைத்து வேலை வாங்க வேண்டும், மொத்த வேலைக்கும் பொறுப்பேற்க வேண்டும். அது நாற்பத்தாறாவது வயதில்தான் வந்தது. கொண்டுவந்து கொடுத்தவள் தாரணி என்ற இளம் இன்ஜினியர். வீட்டில் தமிழ், மற்ற இடமெல்லாம் கன்னடம் என்று வளர்ந்த பெண்.

ரிங் ரோட்டுக்கு அப்பால் பதினைந்து குண்டை நிலம். அரை ஏக்கருக்கும் குறைவு. அதை எட்டு வீட்டு மனைகளாகப் பிரிக்க வேண்டும். அனுமதி கொடுத்தவர்கள் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். வெறும் நிலமாக இருந்தபோது மழைக்கு எவ்வளவு வேகத்தில் தண்ணீர் வெளியே போனதோ, ரோடும் வீடும் வந்த பிறகும் அதற்கு மேல் போகக் கூடாது. மண் குடிக்காத தண்ணீரை உள்ளேயே ஒரு குழியில் பிடித்து வைத்து, மெல்ல மெல்ல வெளியே விட வேண்டும். ஆகவே முதல் வேலை வடிகாலும் குழியும்.

நிலத்துக்காரர் கமலம்மாள். எழுபது வயது, கொள்ளேகாலில் பட்டு வியாபாரம் செய்த குடும்பம், இப்போது விஜயநகரில் மகனோடு இருக்கிறார். முதல் நாள் காரை விட்டு இறங்கியதும் நேராகப் பழனியிடம் வந்தார்.

"என்னப்பா மேஸ்திரி, ஆளுங்க எத்தன பேரு?"

"மேஸ்திரி அவங்கதான் அம்மா" என்று தாரணி சித்தம்மாவைக் காட்டினாள்.

"அப்ப இவரு?"

"நான் அவங்ககிட்ட வேலைக்கு இருக்கிறனுங்" என்று பழனி கைகட்டிக்கொண்டு நின்றான்.

கமலம்மாள் சித்தம்மாவை மேலும் கீழும் பார்த்தார். "சரி. வடிகாலும் குழியும் மொதல்ல முடி. ஒரு மழை பார்த்துப்போட்டு ரோட்டு வேலையும் காம்பவுண்டும் உனக்கா, வேற ஆளுக்கான்னு சொல்றேன்."

ரோடும் காம்பவுண்டும் எட்டு மாத வேலை. கிடைத்தால் அவள் மேஸ்திரி. கிடைக்காவிட்டால் பழையபடி அடுத்தவன் கூப்பிடும் குளியலறைக்குத் தரை போடப் போக வேண்டியதுதான்.

தாரணி வரைபடத்தைக் கார் மேல் விரித்தாள். குழி தென்மேற்கில் இருந்தது. கமலம்மாள் விரலை அங்கே வைத்தார், உடனே சுட்டதுபோல் எடுத்தார்.

"கன்னி மூலையில குழியா! வீட்டு ஆம்பளைக்கு ஆகாது கண்ணு. தண்ணி ஈசானிய மூலையிலதான் இருக்கோணும். வாஸ்துக்காரரு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காரு."

ஈசானிய மூலை என்பது வடகிழக்கு. நேர் எதிர் மூலை.

"அம்மா, ஸ்லோப் இந்தக் கடை இருக்கு, அல்வா?" என்று தாரணி தென்மேற்கைக் காட்டி இழுத்தாள். 'இந்தப் பக்கம்தானே' என்பது அவளுக்குக் கன்னடத்தில் அப்படி வந்தது.

"ஸ்லோப்ப மாத்திக்க. அதுக்குத்தான படிச்சிருக்க?"

தாரணி சித்தம்மாவைப் பார்த்தாள். அன்று காலையில்தான் சித்தம்மா அந்த நிலத்தைச் செருப்பில்லாமல் நடந்து பார்த்திருந்தாள். எந்தப் பக்கம் பள்ளம் என்று அவள் குதிகாலுக்கே தெரியும். இருந்தும் வாயைத் திறக்கவில்லை. முதல் மேஸ்திரி வேலை, பெரிய இடத்து அம்மா. போதாததற்கு அவளுக்கும் கன்னி மூலை என்றால் கொஞ்சம் பயம்தான். "மண்ணடிச்சு லெவல் பண்ணிக்கலாம்" என்று தாரணி முனகினாள். ஒருவர் அடம்பிடித்தார், ஒருத்தி தலையாட்டினாள், ஒருத்தி சும்மா இருந்தாள். மூன்று பேர் சேர்ந்து செய்த தப்பு அது.

பூமி பூஜை நடந்தது. ஜேசிபி வந்து ஈசானிய மூலையில் குழி தோண்டி, மண்ணை ஓரமாகக் குவித்துவிட்டுப் போனது.

ஏப்ரல் இரண்டாம் வாரம் இருபது நிமிஷம் கோடை மழை அடித்தது. மறுநாள் காலை சித்தம்மா வந்து பார்த்தபோது குழிக்குள் ஒரு நாய் காலை நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் உடம்பில் ஈரம் கூட இல்லை. எதிர் மூலையில் முழங்கால் அளவு தண்ணீர் குளம் கட்டி, கீழே இருக்கும் வீட்டுச் சுவரில் ஓட்டை கண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தது.

அந்த வீட்டு நிர்மலா துடைப்பத்தோடு வந்து கன்னடமும் தமிழுமாகக் கத்தினாள். "யாருரீ இங்க மேஸ்திரி?"

ஆட்கள் எல்லோரும் பழக்கதோஷத்தில் பழனியைப் பார்த்தார்கள். பழனி வானத்தைப் பார்த்தான்.

"நான்தானுங்க" என்றாள் சித்தம்மா.

"எங்க கிச்சன்ல டப்பா எல்லாம் மிதக்குது! வந்து நோடுங்க! மேஸ்திரியாம் மேஸ்திரி!"

சித்தம்மா அவள் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கிக்கொண்டு போய் அடுக்களைத் தண்ணீரைத் தள்ளினாள். ஓட்டையைச் சாந்து வைத்து அடைத்தாள். நனைந்த ராகியை மாடியில் விரித்துக் காயப்போட்டாள். பிறகுதான் "தப்பு எங்களுதுங்க" என்றாள். நிர்மலா முகத்தைத் திருப்பிக்கொண்டே காபி போட்டுக் கொடுத்தாள்.

பத்து மணிக்குக் கமலம்மாள் வந்துவிட்டார். "நீ வேல செஞ்சா தண்ணி நிக்காதுன்னாங்க. அந்தம்மா அடுப்படியில நிக்குதாமே?"

"என் தப்புதானுங்கம்மா. குழி வெட்டுன அன்னைக்கே சொல்லியிருக்கோணும். இப்பச் சொல்றேன். இந்த முனையப் புடிங்க."

அவள் நீட்டியது தண்ணீர் நிரப்பிய நூறடி டியூப். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில்தான் நிற்கும். மேஸ்திரிகள் மட்டம் பார்ப்பது இதில்தான். கமலம்மாள் பட்டுப் புடவையோடு ஈசானிய மூலையில் நட்ட குச்சியோரம் நின்று டியூப்பைப் பிடித்தார்.

"கைய ஆட்டாதீங்கம்மா!"

"எழுவது வயசுல ஆடாம பின்ன! நீ வெரசாப் பாரு!"

அவர் பக்கத்துக் குச்சியில் தண்ணீர் முழங்கால் உயரத்தில் நின்றது. கோடு போட்டார்கள். டியூப் மூலைக்கு மூலை எட்டாததால் நடுவில் ஒரு குச்சி நட்டு, அதே கோட்டை அதில் எடுத்து, அங்கிருந்து கன்னி மூலைக்குக் கொண்டுபோனார்கள். கமலம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னாலேயே வந்தார். கடைசிக் குச்சியில் கோடு விழுந்த இடம் சித்தம்மாவின் நெற்றி.

"அங்க என்ர முட்டி, இங்க உன்ர நெத்தியா?"

"மூணடி வித்தியாசமுங்க. கூடவும் இருக்கும். நாம எத்தன பூச பண்ணுனாலும் தண்ணி அத்தன மேட்டுக்கு ஏறாதுங்க."

கமலம்மாள் குச்சியில் விழுந்த கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். "புரியுது. ஆனா எனக்கு இருக்கறது ஒரே பையன். கன்னி மூலையில பள்ளம் வெட்டிப்போட்டு நான் எப்படித் தூங்கறது?"

சித்தம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பயத்துக்கு மட்டக் கோடு காட்டிப் பயனில்லை என்று அவளுக்குத் தெரியும். "கன்னி மூலை எப்படி இருக்கோணும்னாருங்க வாஸ்துக்காரரு?" என்று கேட்டாள்.

"மேடா இருக்கோணும். கனமா இருக்கோணும்."

சித்தம்மா மூலைக்குப் போய் நின்றாள். குழி எங்கே வந்தாலும் பள்ளத்துப் பக்கம் கரை போட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நிறைந்த தண்ணீர் மறுபடி நிர்மலா வீட்டுக்குத்தான் போகும். மேற்கே ஒரு கரை, தெற்கே ஒரு கரை. இரண்டும் சேரும் இடம்? அவள் காலுக்கடியில்தான். ஒரு குச்சியை எடுத்து மண்ணில் வேகமாகக் கிழித்தாள்.

"அம்மா, இங்க பாருங்க. மூலையில குழி இல்லீங்க. மூலையில மேடு. ரெண்டு கரையும் சேருற எடத்துல நாலரை அடிக்கு மண்ணக் கொட்டி உசத்தீருவோம். பத்தடி உள்ள தள்ளி, பார்க்குக்கு விட்ட எடத்துல குழி. இந்த மேட்டு மேல நின்னு பார்த்தா ஈசானிய மூலையே உங்களுக்குக் கீழதான் தெரியும்."

தாரணி துள்ளிக் குதித்தாள். "அக்கா! கரை எப்படியும் வேணும், மண்ணும் ரெடியா இருக்கு!"

"அப்ப ஏற்கெனவே வெட்டுன குழி?" என்றார் கமலம்மாள்.

"அது உங்க பையன் வீடு கட்டறதுக்குன்னு வெச்ச சைட்டுதான? மூடாதீங்க. வீட்டுக்குத் தண்ணித் தொட்டி ஆயிரும். ஈசானியத்துல தண்ணியும் ஆச்சு."

கமலம்மாள் அங்கேயே வாஸ்துக்காரருக்குப் போன் போட்டார். இரண்டு நிமிஷம் "ம்", "ம்" என்றார். பிறகு போனைப் பொத்திக்கொண்டு, "மேடு சரியாம். கனம் பத்துமான்னு கேக்கறாரு."

"ரெண்டு லோடு சைஸ் கல்லு அடுக்கறோம். அதுக்கு மேல கனம் வேணும்னா அவரையே வந்து உக்காரச் சொல்லுங்க."

கமலம்மாள் சிரித்த சிரிப்பில் போன் கட்டாகிவிட்டது.

அடுத்த ஐந்து வாரம் வேலை பறந்தது. இருபத்தைந்தடி சதுரத்தில் மூன்றடி ஆழக் குழி. சேறு தங்கிவிட அதற்கு முன்னால் ஒரு சின்னத் தொட்டி. அடியில் வெளியேற மூன்று இஞ்ச் குழாய். குழாயைப் பார்த்துப் பழனிக்குத் தாங்கவில்லை.

"ஏம்புள்ள, இத்தனூண்டு ஓட்டையா? எட்டு இஞ்ச் போட்டா தண்ணி சட்டுனு போயிருமல்லோ?"

"டெங்கு வந்து ஆஸ்பத்திரியில கிடந்தப்ப, டிரிப்ஸ் சக்கரத்த முழுசாத் திருப்பி விடுங்க, சீக்கிரம் வீட்டுக்குப் போலாம்னு சொன்னீங்களே. நர்ஸம்மா என்ன சொன்னாங்க?"

பழனி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நகர்ந்தான். நர்ஸ் சொன்னதை ஆட்கள் முன்னால் சொல்ல முடியாது.

மே கடைசியில் ஒரு வியாழக்கிழமை, மதியம் இரண்டரைக்கு வானம் இருண்டு கொட்ட ஆரம்பித்தது. ஆட்கள் தகரக் கொட்டகைக்கு ஓடினார்கள். சித்தம்மா சிமெண்ட் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரைக்கு ஓடினாள். வடிகாலில் செந்தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்து தொட்டியில் விழுந்தது, அங்கே ஒரு சுற்றுச் சுற்றித் தெளிந்து குழிக்குள் இறங்கியது. ஒரு அடி. இரண்டு அடி. முக்கால் மணி நேரம் விடாமல் அடித்தது. தாரணி ஸ்கூட்டரில் நனைந்துகொண்டு வந்து அவள் கையைப் பிடித்தாள். தண்ணீர் மேல்விளிம்புக்கு ஒரு சாண் கீழே வந்து நின்றது. மழையும் நின்றது.

கீழ் வீட்டு வாசலில் நிர்மலா குடையோடு நின்றாள். "ஒரு சொட்டு வரல்லரீ!" என்று கத்தினாள். "காபி வேணுமா?"

"எல்லாருக்கும் சேர்த்துப் போடுங்க!" என்று பழனி கொட்டகையிலிருந்து கத்தினான்.

கமலம்மாள் ஆட்டோவில் வந்து இறங்கும்போது மணி நான்கு. யாரும் கைகொடுக்க விடாமல் கல் பிடித்துக் கன்னி மூலை மேட்டில் ஏறி நின்றார். குழாய் வழியாகத் தண்ணீர் மணிக்கட்டுத் தடிமனுக்கு மேல் போகாமல், அவசரமே இல்லாமல் வெளியேறிக்கொண்டிருந்தது. இரண்டு காபி குடித்து, எல்லாருடைய பிள்ளைகளின் படிப்பையும் விசாரித்து முடிக்கும்வரை அவர் போகவில்லை. ஆறு மணிக்குக் குழியின் அடியில் சேறுதான் மிச்சம்.

"திங்கக்கிழமை ஏழரை ஒம்பது ராகு காலம்" என்றார் கமலம்மாள், கீழே இறங்கிக்கொண்டே. "ரோட்டு வேலைய அந்த நேரத்துல ஆரம்பிச்சுப்போடாத."

"ஏழு மணிக்கே கயிறு கட்டீருவனுங்கம்மா."

ஆட்டோ திரும்பும் வரை சித்தம்மா அசையாமல் நின்றாள். பிறகு கரையில் கிடந்த ஈரச் சாக்கை எடுத்துப் பிழிந்து, ஒரு சுழற்றுச் சுழற்றி வீசினாள். அது போய்ப் பழனி மேல் விழுந்தது. அவன் அதைத் துண்டுபோல் தோளில் போட்டுக்கொண்டு எதிரே வந்து கைகட்டி நின்றான்.

"ஏனுங் மேஸ்திரியம்மா, ரோட்டு வேலையில எனக்கும் எடம் உண்டுங்களா?"

"ஓரக் கல்லு நட ஒரு ஆள் வேணும்" என்றாள் சித்தம்மா. "ஆறே முக்காலுக்கு வந்துருங்க. தாமசமாச்சுன்னா வேற ஆளப் பார்ப்பேன்."